காசியில் விட்ட கருவாடு

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அறிவரசன் நடத்தும் விதை, பூச்சிமருந்துக் கடைக்கு ‘ரெங்கம்மாள் வேளாண் மையம்’ என்று பெயர். அவனுடைய அம்மாவின் பெயர். பலகையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம் இருக்கும். ஆனால் எந்த விவசாயியும் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டது கிடையாது. “சொட்டையன் கடை எந்தப் பக்கம்?” என்றுதான் கேட்பார்கள். டீக்கடைக்காரரும் யோசிக்காமல் கையைக் காட்டுவார்.

நாற்பத்தொரு வயதில் அவன் தலையில் மிச்சம் இருந்தது பின்மண்டையில் ஒரு வேலி மட்டுந்தான். இடது காதோரம் நாலு முடியை நீளமாக வளர்த்து, வலப்பக்கம் கொண்டுபோய்ப் படிய வைத்திருந்தான். மின்விசிறிக்குக் கீழே உட்கார மாட்டான். எதிர்க்காற்றில் வண்டி ஓட்ட மாட்டான். “எங்க சோளத்துக்கெல்லாம் மருந்து குடுக்குற, ஒன் வயலு இப்படிக் காஞ்சு கெடக்குதே?” என்று யாராவது சொல்லும்போது எல்லாரையும்விட அவன்தான் சத்தமாகச் சிரிப்பான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றால் அந்தச் சிரிப்பு எங்கே போகுமோ தெரியாது. வலித்தது. வலிக்கிறது என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது, அதுதான் பெரிய வலி.

அந்த வருடம் மக்காச்சோள விதை கம்பெனிக்காரர்கள், நன்றாக விற்ற டீலர்களையெல்லாம் பாங்காக்குக்கு இலவசமாக அழைத்துப் போவதாக அறிவித்தார்கள். அதே சமயம் டீலர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரமும் வந்தது. பாங்காக்கில் முடி நடும் ஆஸ்பத்திரி. சென்னையில் கேட்டதில் பாதிக்கும் குறைவு. பின்மண்டை முடியை வேரோடு எடுத்து முன்மண்டையில் நட்டுவிடுவார்களாம். அறிவரசனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்றங்காலில் பறித்து வயலில் நடுவது, அவ்வளவுதானே! டிக்கெட்டும் கம்பெனி செலவு, தங்குவதும் கம்பெனி செலவு. கரும்பு தின்னக் கூலியா என்று துள்ளினான்.

அவன் மனைவி ஹேமலதாதான் நிதானமான ஆள். “தலை முழுக்க மழிச்சுட்டுத்தான் நடுவாங்களாம். மண்டை முழுக்கப் பொரிப்பொரியா இருக்குமாம். அப்படியே ஊருக்குள்ள வந்து நின்னா என்னாங்க சொல்லுவீங்க?”

நியாயமான கேள்வி. அவர்கள் ஊரான பூலாம்பாடியில் பாங்காக் என்று வாயைத் திறந்தால் போதும், ஆண்கள் கண்ணடிப்பார்கள், பெண்கள் ஹேமலதாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். முடி நடப் போனேன் என்றால் அதைவிட மோசம். சாகிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்போதுதான் ரெங்கம்மாள் கொல்லையிலிருந்து வந்தாள். மூன்று வருடமாகச் சொல்லும் பேச்சையே மறுபடி எடுத்தாள்.

“ஏன்டா அறிவு, நேத்தும் உங்கப்பா கனவுல வந்தாரு. இன்னும் இங்கயே கெடக்கறேனேன்னு கேக்கறாரு. எப்பதான்டா காசிக்குப் போவ?”

புருசனும் பொண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வாரம் வெளியூர். மொட்டைத் தலை. காரணம் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். காசியைவிடப் பொருத்தமான ஊர் உலகத்தில் உண்டா?

“போறேம்மா. அடுத்த வாரமே போறேன்” என்றான் அறிவரசன்.

ரெங்கம்மாள் அழுதுவிட்டாள். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவள் அவள். மூன்று நாள் ரயிலில் உட்கார முடியாது என்று அவளே சொன்னாள், நீயாவது போ சாமி என்றாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அறிவரசன் நினைத்துக்கொண்டான். எறிந்த கல் திரும்பி வரும் என்பதை அப்போது யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் அவனுடைய அப்பா அரியமுத்துவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த மனிதர் ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் வெங்காயம் பறித்தவர், சோளத்தட்டை அறுத்தவர். திருச்சிக்கு இறங்கும் விமானம் தலைக்கு மேலே போனால் மட்டும் அரிவாளைப் போட்டுவிட்டு, நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து நிற்பார். அது கண்ணுக்கு மறையும் வரை எந்த முதலாளி கத்தினாலும் குனிய மாட்டார். ஒரு தடவை சிங்கப்பூருக்குப் போக ஏஜெண்டு ஒருவனிடம் பணம் கட்டினார். பாஸ்போர்ட்டு வந்தது, ஏஜெண்டு வரவில்லை. ஒரு முத்திரையும் விழாத அந்தப் பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சாகும்வரை தலைமாட்டிலேயே வைத்திருந்தார்.

அவர் செத்ததும் அஸ்தியைக் கொள்ளிடத்தில் கரைத்தார்கள். கொஞ்சத்தை மட்டும் ரெங்கம்மாள் காசிக்கென்று பித்தளைச் செம்பில் எடுத்து, வாயை மஞ்சள் துணியால் கட்டி, மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டாள். வெற்றிலை இல்லாமல் அவளுக்கு ஒரு வேளை போகாது. அந்த வெற்றிலைப் பெட்டியையும் அன்றைக்கே மூடிவிட்டாள். அவர் கரையேறுகிற வரைக்கும் தொடுவதில்லை என்று வைராக்கியம்.

பாங்காக் யோசனையில் அறிவரசனுக்கும் ஹேமலதாவுக்கும் இந்தச் செம்பு சுத்தமாக மறந்துபோனது. ரெங்கம்மாளுக்கு மறக்குமா? அவன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிரைவர் ஆரன் அடிக்கும் நேரத்தில், பிச்சைமுத்துவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். பிச்சைமுத்து அறிவரசனின் பள்ளிக்கூடத்துச் சேக்காளி, லாரி வைத்துச் சோளம் ஏற்றுகிறவன், தலையைப் பொறுத்தவரை அறிவரசனுக்கு அண்ணன். ஜன்னல் வழியாகச் செம்பை மகன் கையில் கொடுத்தாள்.

“காரியமே இதுக்குத்தான், இத விட்டுட்டுப் போறியே கிறுக்கா. உங்கப்பாவ பத்தரமா கரையேத்திட்டு வா.”

பஸ் கிளம்பிவிட்டது. பெரம்பலூரில் கம்பெனி வேன் தயாராக நின்றது. செம்பைக் கடையில் வைத்துவிட்டுப் போகலாமென்றால் சாவி ஹேமலதாவிடம். வேறென்ன செய்ய? அரியமுத்து மகனோடு விமான நிலையத்துக்குப் புறப்பட்டார்.

திருச்சி விமான நிலையத்தில் பையைச் சோதித்த அதிகாரி செம்பைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டார்.

“எங்கப்பா சார்.”

அதிகாரி ஒரு நொடி எழுந்து நின்றே விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க கரைக்கப் போறீங்க?” என்றார்.

“காசிலங்க.”

“இது பாங்காக் ப்ளைட்டு.”

“சுத்திப் போறேன் சார்” என்றான் அறிவரசன். தலையைக் குனிந்துகொண்டான். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்ட அந்த நல்ல மனிதர், வேண்டிய சோதனையைச் செய்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே அனுப்பினார்.

விமானத்தில் பையை மேலே வைக்கச் சொன்னார்கள். அப்பாவைப் போய்ச் சாமான்களோடு சாமானாக அடைப்பதா? செம்பை மட்டும் எடுத்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். போகிற வழியெல்லாம், “கோவிச்சுக்காதப்பா, மொத இங்க, அப்பறம் காசி” என்று முணுமுணுத்தபடியே வந்தான். பக்கத்து சீட்டில் இருந்த செந்துறை டீலர், இவனுக்கு விமானம் என்றால் பயம் போலிருக்கிறது என்று மிட்டாய் கொடுத்தார்.

மற்ற டீலர்கள் கடற்கரைக்குப் போனார்கள், இவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். அவர்களுக்கும் வீட்டில் சொல்ல முடியாத காரியங்கள் இருந்ததால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கப்போவதில்லை. மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, பகல் முழுக்கக் குப்புறப் படுக்க வைத்தும் மல்லாக்கப் படுக்க வைத்தும் நட்டு முடித்தார்கள். இரண்டு வாரம் தலையில் கை படக் கூடாது, குனியக் கூடாது, வெயில் ஆகாது, சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்க வேண்டும் என்று அனுப்பினார்கள். அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், எதிர்க் கட்டிலில் செம்பு. அப்பாவுக்கு முன்னால் மண்டை முழுக்கக் கொப்புளத்தோடு இப்படி உட்கார நேர்ந்ததே என்று அவமானமாக இருந்தது. பேசாமல் எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கிவிட்டான். அவராவது வேடிக்கை பார்க்கட்டும்.

அங்கேயும் ஆறு ஓடியது. கரைத்துவிட்டால் தொல்லை விட்டது என்று ஒரு நிமிடம் புத்தி போனது உண்மை. மனசு கேட்கவில்லை. பாஷை தெரியாத ஊரில் அந்த மனிதர் யாரிடம் போய் வழி கேட்பார்?

திரும்பி வந்து, வீக்கம் வடியும் வரை திருச்சி லாட்ஜில் கிடந்தான். மலைக்கோட்டைக் கடைவீதியில் காசிக் கயிறும், அன்னபூரணி படமும், வாயடைத்த கங்கைச் செம்புகளும் வாங்கினான். அந்தச் செம்புக்குள் இருப்பது கங்கையா காவிரியா என்பது கங்கைக்குத்தான் வெளிச்சம். ஹேமலதாவைச் சாவியோடு கடைக்கு வரச்சொல்லி, அப்பாவைக் கடை குடோனில், உயரமான அலமாரியில், விதை மூட்டை படாத இடத்தில் வைத்துப் பூட்டினான். கூடிய சீக்கிரம் கூட்டிப்போகிறேன் என்று ஊதுபத்தி கொளுத்திச் சத்தியம் செய்துவிட்டு ஊருக்குப் போனான்.

காசிக்குப் போய்வந்தவர் காலில் விழுந்தால் புண்ணியத்தில் பங்கு கிடைக்கும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. தெருவே வந்து விழுந்தது. தன்னைவிட மூத்தவர்கள் விழும்போது குனிந்து தூக்கவேண்டும், அவனோ குனியக் கூடாது. கொடிக்கம்பம் போல நின்றான். “காசிக்குப் போனதும் எம்புட்டு கம்பீரம் பாத்தியா!” என்றார்கள். தலைப் பொரிகளைப் பார்த்து ஒரு கிழவர் கேட்டதற்கு, “கங்கைக்கரை நாவிதருக்குக் கத்தி மொண்ணைங்க” என்றான். காசி நாவிதர்கள் அவனை மன்னிக்கட்டும்.

பிறகு பிச்சைமுத்து கேட்டான்: “ஆமா, காசியில என்னத்தடா விட்டுட்டு வந்த?”

காசிக்குப் போனால் ஆசையாகச் சாப்பிடும் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும், அப்புறம் ஆயுளுக்கும் அதைத் தொடக் கூடாது. ஊரெல்லாம் தெரிந்த வழக்கம். கயிறு வாங்க நினைவிருந்தவனுக்கு இது நினைவில்லை.

“பாவக்கா” என்றான்.

கூட்டம் சிரித்தது. பாகற்காயை அவன் பிறந்ததிலிருந்தே தொட்டதில்லை என்பது தெருவுக்கே தெரியும். ரெங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“அவன் வெக்கப்பட்டுக்கிட்டு சொல்றான். எம்புள்ளை கருவாட்ட விட்டுட்டு வந்திருக்கான். அவங்கப்பாவுக்காவ அவனுக்கு உசுரா இருந்தத விட்டிருக்கான்” என்று கூட்டத்துக்கு அறிவித்தாள். மூன்று வருடம் மூடிக் கிடந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, எல்லார் முன்னாலும் ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள்.

அவள் வாய் சிவந்ததைப் பார்த்த அறிவரசனால் எதையும் மறுத்துப் பேச முடியவில்லை. கருவாடு போனது.

போனது என்றால் சாதாரணமாகவா? நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவன் கண்டதில்லை. இப்போது வீட்டில் யாருமே செய்யவில்லை. தெருவில் யார் வீட்டிலாவது கொதித்தால்கூட, “அறிவு போறான், மூடுங்கடி” என்று சட்டியை மூடினார்கள்.

நட்ட முடி முதலில் கொட்டியது. அப்புறம் பொட்டுப் பொட்டாக முளைத்தது. ஆறேழு மாதத்தில் நெற்றிக்கு மேலே கருகருவென்று நின்றது. காசி மகிமை என்று ஊர் வாயைப் பிளந்தது. பிச்சைமுத்து ஒரு கங்கைச் செம்பை வாங்கிப்போய், தினமும் காலையில் ஒரு சொட்டு தன் மண்டையில் விட்டுக்கொண்டான். “எனக்கு மெதுவாத்தான் வரும். நான் நேர்ல போகலயில்ல” என்று சமாதானமும் அவனே சொல்லிக்கொண்டான். கடைக்கு மட்டும் பெயர் மாறவில்லை. விவசாயிகள் முடியடர்ந்த அறிவரசனிடமே வந்து, “சொட்டையன் எங்க போயிருக்கான்?” என்று கேட்டார்கள்.

காசிக்குப் போகும் நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. விதைப்புப் பருவம், அப்புறம் பூச்சி சீசன், அப்புறம் வெங்காயம். அவன் தினமும் குடோனுக்குள் போய் ஊதுபத்தி ஏற்றுவதைப் பார்த்த வேலையாட்கள், முதலாளிக்கு யூரியா மேல் பக்தி வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

தை மாதம் வசூலுக்காக அரியலூர் போனான். மதியம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெஸ்ஸைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. நெத்திலிக் கருவாடு. கத்தரிக்காய் போட்டது. சிமெண்டு லாரிகள் கிளப்பிய அத்தனை தூசியையும் கிழித்துக்கொண்டு அந்த வாசனை வந்தது. நான்தான் காசிக்கே போகவில்லையே, போகாத காசியில் விடாத கருவாட்டைத் தின்றால் என்ன பாவம் என்று மனசு வக்கீல் போலப் பேசியது. உள்ளே போனான். மூன்றாம் தடவை குழம்பு கேட்கும்போது எதிர் மேசையில் யாரோ தண்ணீர் குடித்துப் புரையேறுவது கேட்டது.

பிச்சைமுத்து. லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தவன்.

“அடப்பாவி! முடி கொட்டிடும்டா!” என்று அலறினான். மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது. “முடி போனாப் போகுது, அப்பாவ நெனச்சுப் பாத்தியாடா?”

அவன் கெட்டவன் இல்லை. நண்பனின் தலையையும் நண்பனுடைய அப்பாவின் கதியையும் காப்பாற்ற, உடனே ஒரு பரிகாரம் செய்தாக வேண்டும் என்ற பதைப்பில் நேராக ரெங்கம்மாளிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

அறிவரசன் வீட்டுக்கு வந்தபோது வெற்றிலைப் பெட்டி மூடி, பரணில் ஏறியிருந்தது. ரெங்கம்மாள் மஞ்சள் பையில் இரண்டு புடவையை அடைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை மத்தியானத்துலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. காசிக்குக் கெளம்பறாங்களாம், தனியா” என்றாள் ஹேமலதா.

“ஏம்மா, ஒன் காலுக்கு…”

“கால் என்ன கால். நீ வாக்க மீறிட்ட. கரையேறின மனுசன் மறுபடி நடுவழியில நிப்பாரு. நான் போயி மன்னாப்புக் கேட்டுக்கறேன்.” அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள், முழங்கால் மடங்கவில்லை, வலியில் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அறிவரசனுக்குத் தன் தலையில் இருந்த ஒவ்வொரு முடியும் கூசியது.

“வா, வண்டில உக்காரு. ஒண்ணு காட்டணும்” என்றான்.

கடையைத் திறந்து, குடோனில் யூரியா மூட்டை மேல் அவளை உட்காரவைத்தான். ஏணி போட்டு ஏறி, செம்பை இறக்கி அவள் மடியில் வைத்தான். தான் முடிந்த முடிச்சை ரெங்கம்மாளுக்குத் தெரியாதா? மஞ்சள் துணியைத் தடவிப் பார்த்தாள்.

“இது…”

“அப்பாதாம்மா.”

“கரைக்கலயா?”

“நான் காசிக்கே போகலம்மா.” எல்லாவற்றையும் சொன்னான். முடி நட்டது, கயிறு வாங்கியது, நாவிதர் மேல் பழி போட்டது. விட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று மூச்சுவிடாமல் சொன்னான். ரெங்கம்மாள் பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தாள். அவன் தலையைக் காட்டினான். அடிப்பது நியாயம் என்றே அவனுக்குத் தோன்றியது. ஒரு அடி விழுந்தது. இரண்டாவதுக்கு ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

“இரு. உங்கப்பாவ அப்ப எங்கதான்டா வெச்சிருந்த?”

“கூடத்தாம்மா கொண்டுபோனேன். பாங்காக்குக்கு.”

“எதுல?”

“ப்ளேன்ல.”

விளக்குமாறு கீழே இறங்கியது. ரெங்கம்மாள் செம்பைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், மறுபடி செம்பைப் பார்த்தாள்.

“மேல சாமானோட போட்டியா?”

“இல்லம்மா. மடியில வெச்சுக்கிட்டேன்.”

“சன்னல் ஓரமா?”

“சன்னல் ஓரந்தாம்மா. போகயிலயும் வரயிலயும். அங்க ரூமுலயும் திரைய வெலக்கி விட்டேன். எல்லாம் அம்பது மாடி, அறுவது மாடிக் கட்டடம்.”

ரெங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் வந்தது சிரிப்பு. “எத்தினி மொதலாளிகிட்ட திட்டு வாங்கியிருப்ப, அண்ணாந்து அண்ணாந்து பாத்து!” என்று செம்பிடம் சொன்னாள். “செத்த பெறகு போயிட்டியே மனுசா, சீமைக்கு!” சிரித்துக்கொண்டே அழுதாள். அறிவரசனும் தரையில் உட்கார்ந்து அழுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மருந்து வாங்க வந்த ஒரு விவசாயி எட்டிப் பார்த்துவிட்டு, தாயும் பிள்ளையும் யூரியா விலையேற்றத்துக்கு அழுவதாக நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் ரெங்கம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

“காசிக்கு நானும் வருவேன். நீ அங்க நெசமாவே மொட்டை போடணும்.”

அறிவரசனின் கை தானாகத் தலைக்குப் போனது. கஷ்டப்பட்டுக் கீழே இறக்கினான். “போடறேம்மா.”

“கருவாட்டையும் நெசமாவே விடணும்.”

இதற்குத்தான் அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “சரிம்மா” என்றான். “ஒன் காலுக்கு ரயில் ஒத்துக்காதே, அதான் யோசிக்கறேன்.”

“ரயிலு எதுக்குடா?” ரெங்கம்மாள் செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். “ப்ளேனுக்கே டிக்கெட்டு எடு. சன்னல் ஓரமா பாத்து எடு. உங்கப்பாவுக்குப் பழகிடுச்சி.”